போனவளும் இருந்தவளும்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன் என்று பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் போய்ச் சொன்னால், பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சயாமுக்குப் போனவங்களப் பத்தியா?" அடுத்த கேள்வி, "நேதாஜி படையப் பத்தியா?" இரண்டுமே போனவர்களைப் பற்றியவை. எங்கும் போகாமல் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டிலேயே மூன்றரை வருஷத்தைத் தள்ளியவர்களைப் பற்றி எழுதப்போகிறாயா என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அப்படி இருந்தவர்களில் நான் பேசக் கிடைத்தவர்கள் பெண்கள்தாம். பலர் அன்று கைக்குழந்தையோடு இருந்தவர்கள், அல்லது அந்தக் கைக்குழந்தைகள்.

என் நாவலில் அக்காள் தங்கை இரண்டு பேர். தங்கை போகிறாள், அக்காள் இருக்கிறாள். கதையைச் சொல்வது அக்காள். அது ஏன் என்று கேட்கிறவர்கள் நிறைய. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆக்கிரமிப்புக் காலத்தைச் சகோதரிகளை வைத்துச் சொல்வது நாவல் உலகில் நன்றாகப் பழகிய வழி. கிறிஸ்டின் ஹன்னாவின் 'தி நைட்டிங்கேல்' 2015-இல் வந்தது. ஜெர்மானியர் பிடித்த பிரான்ஸில் மூத்தவள் வீட்டைக் காக்கிறாள். இளையவள், விமானம் விழுந்து தப்பிய நேசநாட்டு வீரர்களைப் பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். நம் மலேசியாவிலேயே, தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவனிங் மிஸ்ட்ஸ்' இருக்கிறது. ஜப்பானிய முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய தங்கை, அங்கேயே மாண்ட அக்காளின் நினைவாக ஒரு தோட்டம் அமைக்க விரும்புகிறாள். 2012-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போன நாவல். இரண்டையும் நான் மதிப்போடு வாசித்தவள். ஆனால் பிரெஞ்சு அச்சில் நம் தோட்டத்துக் கதையை வார்க்க முடியாது. அங்கே எதிரி ஒருவன்தான், அவன் யார் என்பதில் சகோதரிகளுக்குள் சந்தேகம் இல்லை. யார் எவ்வளவு துணிகிறாள் என்பதில்தான் வேறுபாடு.

இங்கே அப்படி இல்லை. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். எழுபது நாள்தான். துரைமார்கள் பங்களாவைப் பூட்டிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். கிராணியும் கங்காணியும் கூலிகளும் மிஞ்சினார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனர்களைப் பொறுக்கியெடுத்துக் கொன்ற அதே படை, தமிழனிடம் "ஆசியா ஆசியருக்கே" என்றது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் துரையின் பூட்ஸுக்கு முன்னால் நின்று வளர்ந்த ஒருத்திக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை இன்றைய அறிவோடு நாம் அளக்கக் கூடாது. பிறகு வந்தது 1943. அந்த ஒரே வருஷத்தில் ஜப்பான்காரன் தமிழ்க் குடும்பத்தில் ஒருவனைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துக்கொண்டு போனான். அதே வீட்டில் இன்னொருத்தி கையில் துப்பாக்கி ஏறவும் அவனே துணை நின்றான்.

என் நாவலின் முதுகெலும்பு இரண்டு தேதிகள். சயாம் பக்கமிருந்தும் பர்மா பக்கமிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் கொன்கொய்தா என்ற இடத்தில் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி படையின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது அதே அக்டோபர் 22. இடையில் ஐந்தே நாள். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்கு நாவல் கிடைத்தது. அதுவரை என்னிடம் இருந்தது தகவல் மூட்டை.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். சுமார் 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 80,000-லிருந்து 1 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் மட்டுமே 75,000 பேருக்கு மேல், அதில் பெரும்பங்கு தோட்டத்துத் தமிழர். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம், சாப்பாடு உண்டு என்று ஆசைகாட்டினார்கள். ஆள் சேராதபோது லாரியோடு வந்து லயத்தில் புகுந்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கொட்டகைக்கு அழைத்து, கதவை அடைத்து, அப்படியே ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. மழைக்காலத்தில் காலரா வந்தபோது, போர்க்கைதிகளுக்காவது கூடவே அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம் நாவலில் வைக்கும்போது நான் எனக்கு விதித்துக்கொண்ட கட்டளை ஒன்று: அந்தத் தேதியில் அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த சேதி மட்டும்தான் பாத்திரத்துக்குத் தெரியும். 1943 அக்டோபரில் என் அக்காளுக்குக் காலரா தெரியாது, கொன்கொய்தா தெரியாது. மூன்று மாதம் என்று போன புருஷன் ஐந்து மாதமாக வரவில்லை என்பது மட்டும் தெரியும். வரலாற்றுப் புனைவில் நான் காணும் பெரிய குறை இதுதான். பாத்திரங்கள் எழுத்தாளர் படித்த புத்தகத்தைத் தாங்களும் படித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

சின்ன விஷயங்களிலும் இதே கறார் வேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரமாக்கினான். அந்தக் கணக்கில் பேராக்கில் விடியும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். "காலை ஆறு மணிக்கு வெயில் ஏறியது" என்று எழுதினால் அந்த ஒரு வரியில் நாவல் விழுந்துவிடும். ஆண்டும் 1942 இல்லை, அவர்கள் கணக்கில் 2602. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம், அதனால் அது வாழைமர நோட்டு. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஜப்பானிய வார்த்தைகள் "குரா", "பக்கேரோ". இரண்டும் அதட்டலும் வசவும்.

மூத்தவர்களிடம் பேசப் போகிற இளைய எழுத்தாளர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "ரொம்பக் கஷ்டம் தாயி" என்ற பதிலோடு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். விளக்குக்கு என்ன எண்ணெய்? ஊபிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, எதில் துருவினீர்கள்? உப்பு எங்கிருந்து வந்தது? ராத்திரி கதவுப் பக்கம் யார் படுத்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பாட்டி சட்டென்று, "அப்பாயி. குமருங்க ரெண்டு பேரும் வெறகுக் கட்டுக்குப் பின்னாடி" என்றார். ஒரு முழு அத்தியாயம் அந்தப் பதிலில் இருந்தது.

இன்னொரு மூதாட்டியிடம் துணியைப் பற்றிக் கேட்டேன். புதுத் துணி வருவது நின்றுபோய், அரிசிச் சாக்கைப் பிரித்து உடுத்திய காலம் அது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்கும் எங்க அக்காவுக்கும் வெளிய கட்டிக்கிட்டுப் போறதுக்கு சேல ஒண்ணுதாம்மா. அவ பாசாருக்குப் போனா நான் சாக்கச் சுத்திக்கிட்டு உள்ளாற உக்காந்திருப்பேன். நான் போனா அவ உக்காந்திருப்பா. ரெண்டு பேரும் சேந்து தெருவுல நடந்ததே இல்ல." சாக்குத் துணி இடுப்பில் அறுத்து அறுத்துப் புண்ணாக்கும் என்றார். தையலில் சீலைப்பேன் அடையும். கொதிநீரில் போட்டு எடுத்தால் பேன் சாகும், ஆனால் சாக்கு சுருங்கி விறைத்துக்கொள்ளும். நூல் கிடைக்காததால் அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துத் தைத்தார்களாம். சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலாலும் கட்டை விரலாலும் இல்லாத இலையைச் சுரண்டிக் காட்டினார். எண்பது வருஷமாகியும் விரலுக்கு அந்த வேலை மறக்கவில்லை.

அந்த ஒற்றைச் சேலையிலிருந்துதான் என் நாவலின் கதையோட்டம் பிறந்தது. பட்டணத்தில் இந்திய சுதந்திர லீக் கூட்டம் நடக்கிறது. இருவரில் ஒருத்திதான் போக முடியும். அன்று சேலை முறை தங்கையுடையது. அவள் போய்க் கேட்டாள், ராணிப் படைக்குப் பெயர் கொடுத்தாள். முறை மாறியிருந்தால்? அக்காள் நாவல் முழுக்க அதை யோசிக்கிறாள். கொள்கை ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு துணிக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்பதை நான் நம்புகிறேன்.

இதற்காக ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து என்னைக் கடிந்துகொண்டார். முகாமில் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் பூட்ஸும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்ததை நாவல் விரிவாகச் சொல்கிறது, இது தியாகத்தைச் சோற்றுக்கு விற்பது என்றார். அவருக்கு மரியாதையோடு சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். சாக்குக் கட்டியிருந்த பெண்ணுக்கு முழுத் துணி கிடைப்பது அவமானமில்லை. பசித்தவளுக்கு நாட்டுப்பற்று வராது என்று நினைப்பதுதான் அவமானம். என் தங்கைப் பாத்திரத்துக்குச் சோறும் வேண்டியிருந்தது, இந்தியாவும் வேண்டியிருந்தது, பெரட்டில் யாருக்கும் குனியாமல் நிற்கவும் வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே மனசில் இருந்தன. எது முதல் என்று பிரித்துக் காட்ட என்னைக் கேட்காதீர்கள்.

ராணிப் படையில் உண்மையிலேயே ஒரு வீட்டிலிருந்து போன சகோதரிகள் உண்டு. ஈப்போவிலிருந்து பொன்னம்மா நவரத்தினமும் தங்கை ராசம்மாவும் சேர்ந்தார்கள். அப்போது ராசம்மாவுக்கு வயது 16. பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று மலேசியா அறிந்தவர், பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வேண்டிப் போராடியவர். ஆனால் அவர்கள் இங்கிலீஷ் படித்த பட்டணத்துப் பெண்கள். படையில் பெருந்தொகையாக இருந்தவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாத தோட்டத்துப் பெண்கள். படித்தவர்கள் நினைவுக் குறிப்பு எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். மற்றவர்கள் திரும்பி வந்து மறுபடியும் பால்வாளியைத் தூக்கினார்கள். நாவலாசிரியருக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். பொன்னம்மாவையோ ராசம்மாவையோ நான் பாத்திரமாக்கவில்லை. வாழ்ந்தவர்கள் சொல்லாத வார்த்தையை அவர்கள் வாயில் வைக்க எனக்கு உரிமையில்லை.

பெண்கள் மீது நடந்த வன்முறையை எப்படி எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான நிலைப்பாடு உண்டு. காட்சியாகக் காட்டுவதில்லை. அதே சமயம் மூடி மறைப்பதும் இல்லை. நடந்தது நடந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவள் மறுநாள் என்ன செய்தாள் என்பதைப் பத்துப் பக்கம் எழுதுவேன். குமரிப் பெண்களுக்கு முடியை வெட்டினார்கள், முகத்தில் கரி பூசினார்கள், அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். என் அக்காளுக்கு 1942-இல் அப்படித்தான் கல்யாணம் ஆகிறது. முகம் பார்த்துப் பேசாத ஒருவனோடு. ஒரு வருஷம்தான் வாழ்கிறாள். வயிற்றில் பிள்ளை, அவனை லாரி கொண்டுபோகிறது.

அக்காளும் தங்கையும் மோதிக்கொள்ளும் இடத்தை நான் பலமுறை திருத்தினேன். முதலில் பக்கம் பக்கமாக வாதாடினார்கள். இரண்டு பேருமே கட்டுரை படிப்பதுபோல இருந்தது. கடைசியில் இரண்டே வரி நின்றது.

"எம் புருசன ஏத்திக்கிட்டுப் போன லாரியும் ஒன்ன ஏத்திக்கிட்டுப் போக வந்த லாரியும் ஒரே ஆளோட லாரிதானேடி?"

"நான் இங்கயே கெடந்தா மட்டும் மாமா திரும்பி வந்துருவாராக்கா?"

இருவர் சொல்வதும் சரி. அந்தச் சண்டையில் யார் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் இந்த நாவலில் எனக்கிருந்த பொறுப்பு. தாய் மகள், கணவன் மனைவி என்றால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்க வேண்டும் என்று முறை இருக்கிறது. ஒரே பாயில் படுத்து வளர்ந்த சகோதரிகளுக்குள் அது அவ்வளவாகச் செல்லாது. இன்னொன்றும் உண்டு. ஆக்கிரமிப்பில் எல்லாரும் பொய் சொல்லித்தான் பிழைத்தார்கள். வயதைக் குறைத்து, பெயரை மாற்றி, வீட்டில் இத்தனை பேர் என்று கூட்டிச் சொல்லி. சிப்பாயிடமும் கிராணியிடமும் செல்லுபடியாகும் பொய் கூடப்பிறந்தவளிடம் செல்லாது.

அதை வைத்துத்தான் நாவலின் உச்சத்தைக் கட்டினேன். ராணிப் படைப் பெண்கள் 1944-இல் பர்மாவுக்குப் போனது சயாம் வழியாக, அதே மரண ரயில் பாதையில். மாமா போட்ட தண்டவாளத்தின் மீது தங்கை போகிறாள். 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கி, குண்டுவீச்சுக்கு நடுவே பல நாள் நடந்து, பாங்காக் வந்து, ஒருவழியாகத் தோட்டத்துக்குத் திரும்புகிறாள். அக்காள் கேட்பது ஒன்றே ஒன்று: "வழியில பாத்தியா?" தங்கை சொல்கிறாள்: "ராத்திரிலதாங்க்கா வண்டி போச்சு. ஒண்ணுந் தெரியல." பொய் என்று அக்காளுக்குத் தெரியும். தெரியும் என்பது தங்கைக்கும் தெரியும். தங்கையின் வாயிலாகக் கதையைச் சொல்லியிருந்தால் அந்த ரயில் பயணத்தை நான் முழுக்க வர்ணித்திருக்க வேண்டும். வாசகர் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார். அக்காள் சொல்வதால், அவள் எவ்வளவு பார்க்கவில்லையோ அவ்வளவையும் வாசகரும் பார்க்காமலேயே சுமக்க வேண்டியிருக்கிறது.

கடினமான அத்தியாயம் அதற்குப் பின்னால். புருஷன் வரவில்லை. செத்தான் என்று காகிதமும் இல்லை. தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? தோட்டங்களில் இப்படி வருஷக்கணக்கில் பொட்டோடு காத்திருந்த பெண்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரு வருஷம் வாழ்ந்த மனிதனுக்காக எத்தனை வருஷம்? யார் வந்து சொல்லி முடிப்பது? நேதாஜியின் நிதிக்குப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்த அன்று தங்கை தோட்டைக் கொடுத்தாள், அக்காள் தாலியைக் கொடுக்க மறுத்தாள். அப்போது ஊர் அவளைப் பழித்தது. இப்போது அதே ஊர், இன்னும் ஏன் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்கிறது. அவள் கழற்றவில்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாவல் விளக்காது.

போனவர்களுக்கு வரலாற்றில் ஓர் இடமாவது கிடைத்தது. ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமிக்கு இந்திய அரசு 1998-இல் பத்ம விபூஷண் கொடுத்தது. படையின் துணைத் தளபதியாயிருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ. தகுதியான மரியாதைதான். ரயில்பாதையில் செத்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், 7,000-க்குச் சற்றுக் குறைவு. சயாமுக்குப் போன தமிழனுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லையென்றாலும், தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களாவது உண்டு. லயத்தில் இருந்து பிள்ளையை ஊபிக் கஞ்சியில் வளர்த்தவளுக்கு விருதும் இல்லை, கல்லும் இல்லை, நானறிந்து நாவலும் இல்லை. கதை சொல்லும் உரிமையை நான் அவளுக்குக் கொடுத்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

1942-இல் பத்து வயதாயிருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவர் பெயர், பிறந்த தோட்டத்தின் பெயர், கூடப்பிறந்தவர்களின் பெயர்கள், வீட்டிலிருந்து யார் போனார்கள், யார் இருந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். சயாமுக்குப் போனவர் யார் என்று கேட்ட பிறகு, "நீங்க என்ன பண்ணுனீங்க பாட்டி?" என்றும் கேளுங்கள்.